ஒரு மீம் செயலியும் அதன் தேடல் பெட்டியும்: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மீம் தயாரிக்கும் செயலி ஒன்றைக் கடந்த மூன்று மாதங்களாகக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தினேன். நான் சொல்லவிருக்கும் குறை அந்த ஒரு நிறுவனத்தோடு முடிவதன்று என்பதால் அதன் பெயரை இங்கே தவிர்க்கிறேன். எங்கள் அலுவலகக் குழுவில் தமிழர்களோடு வியட்நாம், கொரிய நாட்டுப் பெண்களும் பணிபுரிகின்றனர். வெள்ளிக்கிழமை மாலை குழு அரட்டையில் மீம் போடும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்தது.

நிறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலி வேகமாகத் திறக்கிறது. படத்தின் மேல் எழுத்தைப் பதிப்பது எளிது. தமிழ் எழுத்துருக்களில் கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கின்றன. இந்த விலைக்கு அதுவே பெரிய காரியம்.

சிக்கல் தேடல் பெட்டியில் தொடங்குகிறது. வடிவேலு என்று தட்டினால் பயம், கெத்து, அழுகை, சமாளிப்பு என்று மனநிலை வாரியாகப் பிரித்து அடுக்கிய டெம்ப்ளேட்டுகள் வருகின்றன. அதே பெட்டியில் ஆசியப் பெண் என்பதற்கான ஆங்கிலச் சொற்களைத் தட்டியபோது, முதல் திரை முழுவதும் நான்கே வகைகள்: மதிப்பெண் குறைந்ததற்குச் சீறும் தாய், கண்ணாடி அணிந்த கணக்குப் புலி, தலைகுனிந்து சிரிக்கும் காதலி, காரை எங்காவது கொண்டுபோய் மோதும் ஓட்டுநர். படத்தில் இருப்பவர் யார், எங்கிருந்து எடுத்த படம் என்ற விவரம் ஏறக்குறைய எதிலும் இல்லை. வடிவேலுவை அவருடைய மனநிலையை வைத்து வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்தப் பெண்களைப் பிறப்பை வைத்து.

இதற்கு யாரும் தனியாகக் கெட்ட எண்ணம் கொள்ளத் தேவையில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. மேல்வரியைப் படித்து, படத்தைப் பார்த்து, கீழ்வரியில் சிரிக்க இரண்டு மூன்று நொடிகளே கிடைக்கின்றன. அதற்குள் நகைச்சுவை புரிய வேண்டுமானால், அந்த முகத்தின் பொருள் பார்ப்பவர் மனத்தில் முன்பே பதிந்திருக்க வேண்டும். பலர் எடுத்த டெம்ப்ளேட் மேலே வருகிறது, மேலே இருப்பதால் அடுத்தவரும் அதையே எடுக்கிறார், அதனால் அது இன்னும் மேலே போகிறது. நானும் அப்படித்தான் எடுத்தேன். சீறும் தாயின் படத்தைப் போட்டு, எங்கள் மேலாளரின் காலாண்டு மதிப்பீட்டைக் கிண்டல் செய்தேன். கொரியத் தோழி ஒரு சிரிப்புக் குறியைப் போட்டுவிட்டு, "இது யாருடைய அம்மா?" என்று மட்டும் கேட்டார். எட்டாம் வகுப்பில் 92 மதிப்பெண் வாங்கி வந்த என்னிடம் மீதி 8 எங்கே என்று கேட்டவர் என் அம்மா. நான் போட்ட முகமோ அவருடையதன்று. செயலியின் ஆசியாவுக்குள் தஞ்சாவூர் வருவதில்லை போலும்.

இந்த வகைகளை இணையம் கண்டுபிடிக்கவில்லை. ஆசியப் பெண் என்றால் சூழ்ச்சிக்காரி என்ற அச்சுக்குப் பெயரான 'டிராகன் லேடி', 1934-இல் தொடங்கிய ஓர் அமெரிக்கச் செய்தித்தாள் சித்திரத்தொடரின் பாத்திரம். வியட்நாம் போரைப் பற்றிய 1987-ஆம் ஆண்டு ஹாலிவுட் படமொன்றில், பாலியல் தொழிலாளியாக வரும் பெண் உடைந்த ஆங்கிலத்தில் பேசும் வசனம் 1989-இல் ஒரு ராப் பாடலில் ஏறி, பிறகு தெருக் கேலியாகி, இன்று ஸ்டிக்கராகவும் ஒலித்துணுக்காகவும் திரிகிறது. அதைப் போடுபவர்களில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள்! இன்னும் பின்னால் போனால், 1875-இன் பேஜ் சட்டம், பாலியல் தொழிலுக்கு அழைத்து வரப்படுவோரைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, சீனப் பெண்கள் அமெரிக்காவுக்குள் வருவதையே பெரும்பாலும் அடைத்துவிட்டது.

இப்படிப் பழகிய கண் என்ன செய்யும் என்பது 2017 மார்ச்சில் தெரிந்தது. பூசான் நகரிலிருந்து ஒரு பேராசிரியர் பிபிசிக்கு நேரலையில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது குழந்தைகள் இருவர் அறைக்குள் புகுந்துவிட, கொரியரான அவருடைய மனைவி பதறி ஓடிவந்து அவர்களை இழுத்துச் சென்றார். காணொளி உலகெங்கும் பரவிச் சில மணி நேரத்திலேயே மீமானது; பார்த்தவர்களில் பலர் அந்தத் தாயைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா என்று எழுதினார்கள்.

செயலியில் புகார்ப் படிவம் இருக்கிறது. வெறுப்பு, ஆபாசம், வன்முறை, பதிப்புரிமை என்ற நான்கில் வெறுப்பைத் தேர்ந்து அனுப்பினேன். விதிமீறல் இல்லை என்று ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அப்பட்டமான வசவு என்றால் நடவடிக்கை இருக்கும். 2018-இல், அசையும் படங்களையும் ஸ்டிக்கர்களையும் பிற செயலிகளுக்குத் தரும் ஜிஃபி நிறுவனத்தின் தொகுப்பில் ஓர் இனவெறி ஸ்டிக்கர் இருப்பது வெளியானவுடன் இன்ஸ்டாகிராமும் ஸ்னாப்சாட்டும் அதன் இணைப்பை நிறுத்திவைத்தன. சிரித்த முகத்தோடு வரும் இந்த அச்சு வகைப் படங்கள் அந்த வலையில் சிக்குவதில்லை.

கூடுதல் கட்டணத்தில் செயற்கை நுண்ணறிவுப் படம் உருவாக்கும் வசதியும் தருகிறார்கள். அதை நான் வாங்கவில்லை. 2022 டிசம்பரில், நம் படத்தை வைத்துச் செயற்கை நுண்ணறிவால் புது உருவங்கள் வரைந்து தரும் லென்சா செயலியில் தம் படங்களைக் கொடுத்த ஆசிய வம்சாவளிச் செய்தியாளர் ஒருவருக்குக் கிடைத்த 100 உருவங்களில் 16 மேலாடையற்றவை, 14 மிகக் குறைந்த ஆடையிலானவை என்று எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ இதழ் வெளியிட்டது. அவருடைய ஆண் சகாக்களுக்கோ விண்வெளி வீரர் உருவங்கள் வந்தன. இணையத்தில் குவிந்த படங்களைத் தின்றுதான் அந்தக் கருவி வளர்ந்தது.

ஐந்துக்கு இரண்டரை தருகிறேன். அந்த இரண்டரையும் தமிழ் எழுத்துருவுக்காக. வாங்குவதானால் தேடல் பெட்டியைத் தொடாமல், சொந்தப் படத்தை ஏற்றிப் பயன்படுத்துங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். போன வெள்ளிக்கிழமை கொரியத் தோழி, அச்சுப்பொறியை முறைத்து நிற்கும் தன் படத்தையே டெம்ப்ளேட்டாகக் கொடுத்தார். அதை எந்த வகையில் சேர்ப்பது என்று செயலி கேட்டபோது, "கோபம்" என்று தட்டினார்.