சார்ஜிங் பின் மாத்தக் குடுத்த லேப்டாப்ல மொத்த டேட்டாவையும் அழிச்சிட்டாங்க, நீலகிரி மக்கள் கவனிங்க

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் லேப்டாப்பை சர்வீஸுக்குக் குடுக்கப் போறவங்க தயவுசெஞ்சு இதைப் படிச்சிட்டுப் போங்க. கொஞ்சம் நீளமா இருக்கும். மூணு வாரமா மனசுக்குள்ளயே வச்சிருந்தேன், இன்னைக்குத்தான் உக்காந்து டைப் பண்றேன். கடை பேரையும் எந்த ஊர்ல இருக்குங்கறதையும் போடல, ஏன்னா நோட்டீஸ் அனுப்பியிருக்கேன், அது முடியட்டும். உங்களுக்குக் கடை பேர் முக்கியமில்ல, என்ன நடந்துச்சுங்கறதுதான் முக்கியம், இது எந்தக் கடையிலயும் நடக்கலாம்.

லேப்டாப் 2017ல வாங்கினது. இன்டெல் ஐ5, 7ஆம் தலைமுறை. நாலு வருஷம் முன்னாடி நானே அதுல 512 ஜிபி எஸ்எஸ்டி (சுத்தற ஹார்டிஸ்க்குக்குப் பதிலா வர்ற சிப் டிஸ்க்) போட்டு, 8 ஜிபி ராம் ரெண்டு போட்டு 16 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ங்கற இலவச சிஸ்டத்தை ஏத்தினேன். வீட்ல எல்லாரும் அதுலதான் வேலை பார்க்கறாங்க. தங்கச்சி குரூப் 2வுக்குப் படிக்கறா, அவளோட பிடிஎஃப் எல்லாம் அதுல. அம்மா மகளிர் குழு கணக்கை லிப்ரே ஆபீஸ்ல தமிழ்லயே போடறாங்க, தமிழ்99 கீபோர்டு சேத்துக் குடுத்தேன், ஒரு வாரத்துல பழகிட்டாங்க. யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்ல. "இது விண்டோஸ் இல்லம்மா"ன்னு நான் சொல்லித்தான் அவங்களுக்கே தெரியும்.

நவம்பர் மழை இங்க எப்படின்னு உங்களுக்குத் தெரியும். துணி காயாது, செவுத்துல பூஞ்சை, அந்த ஈரத்துல சார்ஜிங் பின் லூஸாகி ஆட்டி ஆட்டி வச்சாத்தான் சார்ஜ் ஏறும்ங்கற நிலைமை. நான் வேலைக்காக கோயம்புத்தூர்ல இருக்கேன், மலைக்கு வர பத்து நாள் ஆகும். தங்கச்சிக்குப் படிக்கணும். சரி கடையில குடும்மா, பின் மட்டும் மாத்தச் சொல்லுன்னேன். பாஸ்வேர்டு கேட்டாங்கன்னா குடுக்காதன்னும் சொன்னேன். எஸ்எஸ்டியைக் கழட்டி வச்சிட்டுக் குடுன்னு சொல்லாம விட்டுட்டேன், அந்த ஒரு வார்த்தையை நினைச்சு இன்னைக்கும் தூக்கம் வரல.

ரெண்டு நாள் கழிச்சு தங்கச்சி வாங்கப் போனப்ப கடைக்காரர் சொல்லியிருக்காரு, "சிஸ்டம் கரப்ட் ஆயிருந்துச்சும்மா, ஹார்டிஸ்க்ல பேட் செக்டர் வேற, நல்ல வேளை இப்பவே குடுத்தீங்க. எல்லாம் சரி பண்ணி விண்டோஸ் 11 போட்டுட்டேன், ஆபீஸ், ஆன்டிவைரஸ் எல்லாம் இருக்கு." பின்னுக்கு 800, பேட் செக்டர் ரிப்பேர்னு 1,000, சாப்ட்வேர் 1,800, மொத்தம் 3,600 ரூபாய். பில் கேட்டதுக்கு ஒரு துண்டுச் சீட்டுல கூட்டல் மட்டும் போட்டுக் குடுத்தாரு. பார்மட் பண்ணவான்னு ஒரு போன்கூட பண்ணல. இதுல லினக்ஸ் இருந்துச்சே அண்ணேன்னு இவ கேட்டதுக்கு, "அதெல்லாம் கவர்மென்ட் லேப்டாப்ல போட்டுத் தர்றதும்மா, அதுல ஒண்ணும் ஓடாது"ன்னு சொல்லியிருக்காரு.

ராத்திரி எனக்கு போன் வந்துச்சு. "அண்ணா, அம்மாயி பேசினதெல்லாம் எந்த போல்டர்லண்ணா இருக்கும், காணோமே."

அம்மாயி, எங்கம்மாவோட அம்மா, அக்டோபர்ல தவறிட்டாங்க. சிலோன்ல ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல (தொழிலாளருங்க இருக்கற வரிசை வீடு) பொறந்தவங்க. 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துல இந்தியாவுக்கு அனுப்பறவங்க பட்டியல்ல பேர் வந்து, தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல எறங்கி, மண்டபம் முகாம்ல இருந்துட்டு, மேட்டுப்பாளையம் வழியா இந்த மலைக்கு வந்து டேன்டீல (அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) கொழுந்து பறிச்சே காலத்தை ஓட்டினவங்க. அந்தக் கதையெல்லாம் ஆகஸ்ட், செப்டம்பர்ல உக்கார வச்சு ரெக்கார்டு பண்ணினேன், பதினோரு பைல், ஆறு மணி நேரம் இருக்கும். கொழுந்து பறிக்கறப்ப பாடின பாட்டு, கங்காணி பேரு, கூட கப்பல்ல வந்தவங்க யார் யார் எந்த ஊருக்குப் போனாங்கங்கறது, எல்லாம் அவங்க குரல்ல. போன்ல இடமில்லன்னு லேப்டாப்புக்கு மாத்தியிருந்தேன். நான் கடைசியா வெளி டிஸ்க்ல பேக்கப் எடுத்தது ஜூலை.

மறுநாளே லீவு போட்டு மலை ஏறினேன். தங்கச்சிகிட்ட போன்லயே சொன்னது ஒண்ணுதான், லேப்டாப்பை ஆன் பண்ணாத, ஆப்லயே வை. இதை எல்லாரும் ஞாபகம் வச்சுக்கணும், பைல் அழிஞ்சதுன்னு தெரிஞ்ச நிமிஷத்துல மெஷினை நிறுத்திடணும், ஓட ஓட புது டேட்டா பழசு மேல எழுதிட்டே இருக்கும். வீட்டுக்கு வந்து பென் டிரைவ்லருந்தே ஓடற லைவ் லினக்ஸ் போட்டு, எஸ்எஸ்டியைத் தொடாம டிடிரெஸ்க்யூ வச்சு முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பில டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக்னு அழிஞ்ச பைலை மீட்கற சாப்ட்வேர் ரெண்டையும் ஓட்டினேன். ராத்திரி முழுக்க ஓடிச்சு. வந்ததெல்லாம் விண்டோஸோட ஐகான், விண்டோஸோட சவுண்டு. பழைய பார்ட்டிஷன் இருந்த இடம் பூரா வெறும் சைபர்.

ஏன்னு சொல்றேன். பழைய சுத்தற ஹார்டிஸ்க்கா இருந்தா குயிக் பார்மட் பண்ணினாலும் உள்ள டேட்டா அப்படியே கிடக்கும், மேல எழுதற வரைக்கும் எடுக்க வாய்ப்பு இருக்கு. எஸ்எஸ்டி அப்படி இல்ல. பார்மட் பண்ணினதும் விண்டோஸ் அந்த எஸ்எஸ்டிக்கு ட்ரிம்னு ஒரு கட்டளை அனுப்பும், இந்த இடமெல்லாம் இனி தேவையில்லன்னு அர்த்தம், எஸ்எஸ்டி அதைக் காலின்னு குறிச்சு, தானே உள்ளுக்குள்ள சுத்தம் பண்ணிடும். அதுக்கப்புறம் எந்த சாப்ட்வேர் போட்டாலும் படிக்கறப்ப பெரும்பாலும் சைபர்தான் வரும். "ரெக்கவரி பண்ணித் தர்றோம், பத்தாயிரம் ஆகும்"னு யாராவது சொன்னா, அது எஸ்எஸ்டியா ஹார்டிஸ்க்கான்னு மொதல்ல கேளுங்க.

அந்த பேட் செக்டர், அதாவது டிஸ்க்ல பழுதான இடம் இருக்குன்ன கதையையும் பார்த்தேன். எஸ்எஸ்டி தன்னோட நிலைமையைத் தானே பதிஞ்சு வைக்கற ஸ்மார்ட் ரிப்போர்ட் எடுத்தா சீரியல் நம்பர் அதேதான், டிஸ்க் மாத்தல, ஆயுள்ல 9 சதவீதம்தான் தேஞ்சிருக்கு, எர்ரர் ஒண்ணுகூட இல்ல. அப்ப என்ன நடந்திருக்கும்னா, லினக்ஸ் தன்னோட பைல் எல்லாம் ஈஎக்ஸ்டி4ங்கற முறையில வைக்கும். விண்டோஸுக்கு அதைத் தானாப் படிக்கத் தெரியாது. அந்த டிஸ்க்கைக் கழட்டி விண்டோஸ் கம்ப்யூட்டர்ல மாட்டினா, இதைப் பயன்படுத்தணும்னா பார்மட் பண்ணணும்னு ஒரு பெட்டி வரலாம். தெரியாதவங்க அதைப் பாத்துட்டு டிஸ்க் போச்சுன்னு நினைச்சிடுவாங்க. இவரும் அப்படித்தான் நினைச்சிருக்கலாம். ஆனா தெரியாத ஒண்ணைப் பாத்தா ஓனரைக் கேக்கணுமா இல்லையா. பீரோவைத் திறக்க சாவி இல்லன்னா பீரோவையே எரிச்சிடுவாங்களா.

தெரியாம செஞ்சாருன்னு நான் இதுவரைக்கும் பொறுத்திருப்பேன். ஆனா ராம் பாத்தேன், 12 ஜிபி காட்டுது. 8 ஒண்ணு, 4 ஒண்ணு. நான் ரெண்டு வருஷம் முன்னாடியே டிஎம்ஐடிகோட்னு ஒரு கட்டளை ஓட்டி ரெண்டு ராமோட சீரியல் நம்பரையும் எனக்கே மெயில் பண்ணி வச்சிருந்தேன். ஒண்ணு ஒத்துப்போகுது, இன்னொண்ணு ஆளே வேற. சார்ஜிங் பின் மாத்தறதுக்கு ராமைத் தொட வேண்டிய அவசியமே இல்ல.

விண்டோஸ் பக்கம் என்ன போட்டிருக்காருன்னு, எல்லா காப்பியும் எடுத்து முடிச்சப்புறம், நெட்டை ஆப் பண்ணிட்டு பூட் பண்ணிப் பாத்தேன். லைசன்ஸ் கிடையாது, திருட்டு ஆக்டிவேட்டர் போட்டிருக்கு. அது ஓடணும்கறதுக்காக டிபெண்டர்ங்கற விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸோட ரியல் டைம் பாதுகாப்பை ஆப் பண்ணி, அந்த போல்டரை ஸ்கேன் பண்ணக்கூடாதுன்னு விலக்கும் குடுத்து வச்சிருக்கு. இது பேருதான் ஆன்டிவைரஸ் எல்லாம் இருக்குங்கறது. அந்த மெஷின்ல தங்கச்சி வாங்கிட்டு வந்த அன்னைக்கே மெயில் லாகின் பண்ணிட்டா, உடனே போன்லருந்து எல்லா பாஸ்வேர்டும் மாத்தினோம். இந்த மாதிரி கிராக் சாப்ட்வேர் போட்ட மெஷின்ல நீங்க நெட் பேங்கிங் பண்ணிட்டிருந்தா இன்னைக்கே நிறுத்துங்க, உள்ள என்ன வச்சிருக்காங்கன்னு அதைப் போட்ட கடைக்காரருக்கே தெரியாது.

இன்னொண்ணு, விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதி மெஷின்ல வேணும், இன்டெல்ல ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு போக 8ஆம் தலைமுறையிலருந்துதான் அனுமதி. எங்களுது 7. சோதனையைத் தாண்டிக் குதிக்க வச்சு போட்டிருக்காரு. அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும்னு உத்தரவாதம் இல்லன்னு மைக்ரோசாப்டே சொல்லியிருக்கு. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு இலவச சப்போர்ட் முடிஞ்சதுலருந்து நம்ம ஊர்ல நிறைய பேருகிட்ட "உங்க லேப்டாப் இனி வேஸ்ட், புதுசு வாங்குங்க"ன்னு சொல்லிட்டிருக்காங்க. அது வேஸ்ட் இல்லைங்க. அதே மெஷின்ல மின்ட் 22 போட்டா 2029 ஏப்ரல் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும், ஒரு பைசா கிடையாது. கொழுந்து வித்த காசுல புள்ளைக்கு லேப்டாப் வாங்கிக் குடுத்த குடும்பங்க இங்க எத்தனை இருக்கு, அவங்களை மறுபடியும் நாப்பதாயிரம் செலவு பண்ண வைக்கறது எனக்கு மனசே கேக்கல.

விண்டோஸே கூடாதுன்னு நான் சொல்லல. டேலி மாதிரி கணக்கு சாப்ட்வேர் ஓட்டறவங்களுக்கு அதுதான் சரி, அவங்க காசு குடுத்து ஒரிஜினல் லைசன்ஸ் வாங்கிக்கட்டும். ஆனா லினக்ஸ்ல ஒண்ணும் ஓடாதுங்கறது பொய். உங்க ஆண்ட்ராய்டு போனுக்குள்ள இருக்கறது லினக்ஸ் கர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி. உலகத்துல டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்னு எடுக்கற பட்டியல்ல 2017 நவம்பர்லருந்து எல்லாமே லினக்ஸ். அரசு இலவச லேப்டாப்ல பாஸ் (BOSS) லினக்ஸ்னு நம்ம நாட்டுல செஞ்ச லினக்ஸைப் போட்டுக் குடுத்தாங்க, உண்மைதான், வாங்கின கையோட கடையில குடுத்து அதை அழிக்கச் சொன்ன பசங்கதான் அதிகம். சொல்லிக்குடுக்க ஆள் இல்லாமப் போனதுதான் அங்க பிரச்சனை, சிஸ்டத்துல கோளாறு இல்ல.

கடைக்குப் போனேன். சத்தம் போடல. ரெண்டு சீரியல் நம்பரையும் பிரிண்ட் எடுத்துட்டுப் போய் காட்டினேன். மொதல்ல "நாங்க எதுவும் மாத்தலைங்க"ன்னாரு, அப்புறம் "பசங்க டெஸ்ட் பண்றப்ப மாத்தி மாட்டியிருப்பாங்க"ன்னு உள்ள போயி 8 ஜிபி ராமைக் கொண்டாந்து குடுத்தாரு. சீரியல் பாத்தேன், நம்மளுதுதான். பைல் போனதுக்கு மட்டும் "சர்வீஸுக்குக் குடுத்தா டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னு செவுத்துல ஒட்டின பேப்பரைக் காட்டினாரு. ரிப்பேருக்குக் குடுத்த பொருள்ல சம்பந்தமில்லாத ஒண்ணை, கேக்காம, வேணும்னே அழிச்சிட்டு அந்தப் பேப்பரைக் காட்டினா முடிஞ்சிடுமா.

இனிமே குடுக்கறவங்க இதைச் செய்யுங்க. பின், பேன், டிஸ்ப்ளே, கீபோர்டு ரிப்பேருக்கெல்லாம் டிஸ்க் தேவையில்ல, பின்பக்க மூடியைத் திறந்து எஸ்எஸ்டியைக் கழட்டி வீட்ல வச்சிட்டுக் குடுங்க, மூடிக்குள்ள எஸ்எஸ்டியைப் பிடிச்சிருக்கறது பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்க்ரூதான். டெஸ்ட் பண்ண அவங்க டிஸ்க் போட்டுக்கட்டும், இல்ல லைவ் பென் டிரைவ் ஒண்ணு சேத்துக் குடுங்க. மூடியைத் திறந்திருக்கறப்பவே ராம், எஸ்எஸ்டி ஸ்டிக்கரை போட்டோ எடுத்துடுங்க. என்ன வேலை, எதைத் தொடக்கூடாதுன்னு கடைக்காரருக்கு வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புங்க, வாயால சொன்னது நிக்காது. டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணி வைக்கறதும் நல்லதுதான், அடுத்தவங்க திறந்து பாக்க முடியாது, ஆனா அழிக்கறதை அது தடுக்காது, அதுக்கு பேக்கப் ஒண்ணுதான் வழி.

பில் விடாம கேளுங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பில் தராததே முறையற்ற வணிக நடைமுறைன்னு இருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிப் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஊட்டியிலயே இருக்கு, பொருளுக்கோ சேவைக்கோ நீங்க குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் இல்ல, வக்கீல் வேணும்னு கட்டாயம் இல்ல, சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள்ள போகணும். நான் பதிவுத் தபால்ல நோட்டீஸ் அனுப்பிட்டேன், 15 நாள் டைம் குடுத்திருக்கேன், பதில் வரலன்னா ஆணையம்தான்.

பதினோரு பைல்ல ஒண்ணோட ஒரு துண்டு மட்டும் கிடைச்சிருக்கு. கூடலூர்ல இருக்கற சித்திக்கு செப்டம்பர்ல வாட்ஸ்அப்ல நாலு நிமிஷம் வெட்டி அனுப்பியிருந்தேன், அவங்க அழிக்காம வச்சிருந்தாங்க. கப்பல்ல ஏறினப்ப கைக்குழந்தையா இருந்த எங்கம்மாவை யார் தூக்கி வச்சிருந்தாங்கன்னு அம்மாயி சொல்ற இடம் அது. மீதி எதுக்கும் வழி இல்ல. நோட்டீஸுக்கு பதில் வந்தா இங்கயே கீழ சேக்கறேன்.