ஆறு படங்கள், ஒரு ரிமோட்

வீட்டு டிவியில் பார்க்க ஆறு படங்கள், அவற்றைக் கெடுக்கும் டிவி செட்டிங்குகளும் கூடவே. 'தி ஜோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' (2023) ஓடத் தொடங்கியதும் டிவி பழுதாகிவிட்டதோ என்று கை ரிமோட்டைத் தேடும். திரை முழுக்கக் கறுப்பு. மைக்கா லெவியின் இசை மட்டும் சில நிமிடங்கள் இறங்கிக்கொண்டே போகும். பழுது எதுவும் இல்லை. கண்ணை மூடிக் காதைத் திறக்கச் சொல்கிறார் இயக்குநர் ஜோனதன் கிளேசர். அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்கு அதுதான் படம்.

ஆஷ்விட்ஸ் முகாமின் தளபதி ருடால்ஃப் ஹெஸ் குடும்பத்தோடு முகாமின் மதிலை ஒட்டி வாழ்கிறான். மதிலுக்கு இந்தப் பக்கம் பூந்தோட்டம், நீச்சல் தொட்டி, குழந்தைகள், நாய். அந்தப் பக்கம் நடக்கும் கொலைகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. துப்பாக்கிச் சத்தம், அலறல், உலையின் இடைவிடாத உறுமல் எல்லாம் காதுக்கு மட்டும். ஒலிக்காக ஜானி பர்னும் டார்ன் வில்லர்ஸும் வாங்கிய ஆஸ்கரில் மிகை எதுவுமில்லை. வீட்டுக்குள் 10 கேமராக்கள் வரை மறைத்துவைத்து, சினிமா விளக்குகள் இல்லாமல், படக்குழு அறையிலேயே நிற்காமல் ஒரே நேரத்தில் எடுத்திருக்கிறார்கள். அதனால் நடிகர்கள் நடிப்பதாகவே தெரிவதில்லை. குளோசப் அநேகமாகக் கிடையாது, யார் முகத்தோடும் நம்மை ஒட்டவிடுவதில்லை. ஹெஸ்ஸின் மனைவியாக வரும் சாண்ட்ரா ஹ்யூலர், கைதிகளிடமிருந்து பறிக்கப்பட்ட ஃபர் கோட்டைப் போட்டுப் பார்த்து, பையில் கிடக்கும் யாரோ ஒருத்தியின் லிப்ஸ்டிக்கைத் தன் உதட்டில் பூசிப் பார்க்கும் காட்சி ஒன்று போதும். இந்த ஆறில் முதலிடம் இதற்குத்தான்.

ஆனால் வீட்டில் இதைக் கெடுப்பது மிகச் சுலபம், மூன்று வழிகளில். முதலாவது, டிவியிலோ சவுண்ட்பாரிலோ இருக்கும் 'கிளியர் வாய்ஸ்' வகை செட்டிங். பேச்சு தங்கும் நடு அலைவரிசையைத் தூக்கி, பின்னால் இருப்பதை அமுக்குவதுதான் அதன் வேலை. இந்தப் படத்தில் பின்னால் இருப்பதுதான் கதை. பேச்சோ பெரும்பாலும் வீட்டுச் சமாசாரம். அந்த செட்டிங்கோடு பார்த்தால் ஒரு பணக்காரக் குடும்பத்தின் தோட்டக்கலை மட்டுமே மிஞ்சும். இரண்டாவது, டிவியின் சொந்த ஸ்பீக்கர். மெல்லிய உடம்புக்குள் அடைத்த குட்டி ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலியைத் தள்ள முடியாது, உலையின் உறுமல் காணாமலே போய்விடும். தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர், அதாவது சப்ஊஃபர், இல்லையென்றால் காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் போதும்; அதுவே இந்தப் படத்துக்கு இன்னும் பொருத்தம் என்றும் சொல்லலாம். மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை: சப்டைட்டில். காது கேளாதோருக்கான வகையைத் தேர்ந்தெடுத்தால் 'தூரத்தில் துப்பாக்கிச் சத்தம்' என்று அடைப்புக்குறிக்குள் எழுதிக் காட்டிவிடும். தேவைப்படுவோருக்கு அது அருமையான வசதி. மற்றவர்களுக்கு, கேட்டதா இல்லையா என்று தாங்களே தடுமாற வேண்டிய இடத்தில் விடை வந்து நிற்கும். படம் ஜெர்மனில் என்பதால் சப்டைட்டில் வேண்டும்தான், பட்டியலில் வசனத்துக்கு மட்டுமான வகையைத் தேடி எடுங்கள்.

ஒலியை வைத்தே நிற்கும் இன்னொரு படம் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024). பின்னணி இசை ஒரு சொட்டுக்கூட இல்லை. வேற்றுச் சாதிக்காரனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் பாண்டியும் குடும்பமும் ஆட்டோவிலும் பைக்கிலும் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். அவ்வளவுதான் கதை. பலிக்குப் போகும் சேவலும் கூடவே வருகிறது. சேவலையும் மீனாவையும் படம் எங்கேயும் வாய்விட்டு ஒப்பிடுவதில்லை, ஃபிரேமில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. தொண்டை கட்டி, சுண்ணாம்பு தடவிய கழுத்தோடு பாண்டியாகக் கரகரத்துக்கொண்டே வரும் சூரிக்கு இதுவரை அமைந்ததிலேயே நல்ல வேடம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். மீனாவாக வரும் அன்னா பென் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை, ஆனாலும் பார்வை அவரைவிட்டு அகலாது.

நடுவில் ஒரு கால் மணி நேரம் வண்டி நிற்பது, இறங்குவது, ஏறுவது என்று ஒரே தாளத்தில் போவது உண்மை. முடிவை அந்தரத்தில் விட்டதைப் பற்றி எழுந்த முணுமுணுப்பில் மட்டும் நியாயமில்லை. கேள்வி பாண்டியின் முகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது, அதற்கு மேல் சொன்னால் உபதேசமாகியிருக்கும். வீட்டில் இதற்கு எதிரி 'ஆட்டோ வால்யூம்'. சத்தத்தைச் சமப்படுத்துகிறேன் என்று அமைதியான ஷாட்டில் காற்றிரைச்சலை ஏற்றி, ஆட்டோ கிளம்பும்போது இறக்கும். இசையே இல்லாத படத்தில் மௌனத்துக்கும் சத்தத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் இசை. அந்த செட்டிங்கை அணைத்துவிட்டு, வசனம் இயல்பாகக் கேட்கும் அளவில் வால்யூமை ஒரே முறை வைத்துவிட்டுத் தொடாமல் இருப்பது உத்தமம்.

பழையதில் ஒன்று: ஸ்டான்லி கூப்ரிக்கின் 'பாரி லிண்டன்' (1975). 185 நிமிடம். மெதுவாகத்தான் போகும், வேண்டுமென்றே மெதுவாக. ஒரு முகத்தில் தொடங்கி மெல்ல மெல்லப் பின்வாங்கும் ஜூம், கடைசியில் அந்த ஆளை ஒரு பெரிய நிலக்காட்சி ஓவியத்துக்குள் எறும்பாக்கிவிட்டு நிற்கும். அப்படியொரு ஜூம் முடிவதற்குள் செல்போனை எடுப்பவர்களுக்கான படம் இல்லை இது. முதல் பாதியில் கதைநாயகன் பாரி சமூகத்தில் மேலே ஏறும்போது இருக்கும் மெல்லிய கிண்டல், இரண்டாம் பாதியில் அவன் சரியும்போது அப்படியே வற்றிவிடுகிறது. அதுவும் திட்டம்தான், ஆனாலும் கடைசி ஒரு மணி நேரம் கனக்கிறது.

மெழுகுவத்திக் காட்சிகளைப் பற்றிப் பலரும் பேசியாயிற்று. பேச வேண்டியதுதான். நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ., எஃப் 0.7 லென்ஸை சினிமா கேமராவில் பொருத்தி, மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுத்தார்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 1.4 லென்ஸே 'வேகமானது' என்று பெயர் பெற்றது. இது அதைப்போல் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதற்குக் கொடுத்த விலை ஃபோகஸ் ஆழம். நடிகர் கொஞ்சம் முன்னே சாய்ந்தாலும் முகம் மங்கிவிடும். அந்தக் காட்சிகளில் எல்லோரும் பொம்மைபோல உட்கார்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், அந்த விறைப்பு 18ஆம் நூற்றாண்டு மேட்டுக்குடி விறைப்போடு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. வெளிச்சம் போதாமல் ஃபிலிமை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தில் இரு மடங்கு) கூட்டிக் கழுவியதால் கிரெயினும், அதாவது ஃபிலிமில் தெரியும் மணல்போன்ற புள்ளிகளும், கொஞ்சம் தடிமனாக இருக்கும்.

இங்கேதான் டிவி மூக்கை நுழைக்கும். 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்ற செட்டிங்குக்கு ஃபிலிம் கிரெயினும் சிக்னல் கோளாறும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். கூடவே துணியின் நெசவும், முகத்தில் பூசிய பவுடரின் சொரசொரப்பும் போய், ஆட்கள் மெழுகுச் சிலையாகிவிடுவார்கள். மெழுகுவத்தியின் கீழே மெழுகுச் சிலைகள், ரசனைதான். அதை அணைத்த கையோடு 'ஷார்ப்னெஸ்'ஸையும் குறையுங்கள். பல டிவிகளில் பூஜ்யம்தான் சரியான அளவு, வேறு சிலவற்றில் நடுப்புள்ளி. கறுத்த கோட்டின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று ஒளிவட்டம்போலத் தெரிந்தால் இன்னும் கூடுதலாக இருக்கிறது என்று அர்த்தம். 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' இருந்தால், மெழுகுவத்தி நடுங்கும்போதெல்லாம் மொத்த அறையும் ஏறி இறங்கும். அதுவும் வேண்டாம்.

இந்தப் படத்தின் அகல-உயர விகிதம் 1.66:1. டிவித் திரையோ 1.78:1. எனவே இரண்டு பக்கமும் மெல்லிய கறுப்புப் பட்டை வர வேண்டும். 55 அங்குலத் திரையில் பக்கத்துக்குச் சுமார் 4 செ.மீ. பட்டையே இல்லாமல் திரை நிறைந்திருந்தால், மேலும் கீழும் கொஞ்சம் வெட்டிய பிரதி அது, அல்லது டிவி தானே ஜூம் செய்துகொண்டிருக்கிறது.

அதே 1.66 விகிதத்தில் வந்தது பிராடி கார்பெட்டின் 'தி புரூட்டலிஸ்ட்' (2024). விஸ்டாவிஷனில் எடுத்தது. 35 மி.மீ. ஃபிலிமை நிமிர்ந்து ஓடவிடாமல் படுக்கையாக ஓடவிட்டு, ஒரு ஃபிரேமுக்கு ஃபிலிம் ஓரத்தின் எட்டுத் துளை அகலம் எடுத்துக்கொள்ளும் 1950களின் முறை. ஃபிரேம் பெரிதாவதால் கட்டடங்களின் நேர்கோடுகள் கூராக நிற்கின்றன, கட்டடக்கலைஞனைப் பற்றிய படத்துக்கு அது வெறும் ஆடம்பரமில்லை. மொத்தம் 215 நிமிடம், அதில் 15 நிமிடம் படத்துக்குள்ளேயே வைத்த இடைவேளை.

முதல் பாதி அபாரம். கப்பலின் இருட்டு வயிற்றுக்குள்ளிருந்து முட்டிமோதி மேல்தளத்துக்கு வந்து, தலைகீழாகத் தெரியும் சுதந்திர தேவி சிலையில் முடியும் அந்தத் தொடக்கமே டிக்கெட்டுக்கான கணக்கைத் தீர்த்துவிடுகிறது. டேனியல் புளூம்பெர்க்கின் இசை வேறு நெஞ்சில் ஆணி அடிக்கும். இடைவேளைக்குப் பிறகு படம் தான் சொல்ல வருவதைத் தானே அடிக்கோடிடத் தொடங்குகிறது. பணக்காரன் கலைஞனைச் சுரண்டுவான் என்பதை முதல் பாதியில் ஒரு விருந்து மேசையிலேயே புரியவைத்தவர்கள், இரண்டாம் பாதியில் அதை உடல்ரீதியான வன்முறையாகவே காட்டிவிடுகிறார்கள். அங்கே நுட்பம் செத்துவிட்டது. கட்டடக்கலைஞனாக வரும் ஏட்ரியன் பிராடிக்கு ஆஸ்கர் கொடுத்ததில் தகராறில்லை. நடிகர்களின் ஹங்கேரிய உச்சரிப்பை ஏஐ கொண்டு திருத்தியது பற்றி எழுந்த சண்டை, படம் பார்க்கும்போது நினைவுக்கே வராது.

அந்தக் கப்பல் ஷாட்டை 'மோஷன் ஸ்மூத்திங்' போட்டுப் பார்ப்பது பாவம். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். டிவி அந்த 24க்கு நடுவே தானே கற்பனை செய்த ஃபிரேம்களைச் செருகி வழவழப்பாக்கும். கை கேமரா குலுங்கும் இருட்டு ஷாட்டில் அதன் கற்பனை தோற்றுப்போய், தலையைச் சுற்றிக் காற்று அலைவதுபோல ஒரு கலங்கல் வரும். கோளாறு வராத இடத்தில்கூட மொத்தமும் மெகா சீரியல் மாதிரி தெரியும். எல்ஜியில் இதற்கு 'ட்ரூமோஷன்' என்று பெயர், சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி'. ஒவ்வொன்றாகத் தேடப் பொறுமையில்லையென்றால் 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருக்கிறதா பாருங்கள். 2019இல் அறிவிக்கப்பட்ட இந்த மோட், ஸ்மூத்திங், ஷார்ப்னெஸ் ஏற்றம், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் அணைத்து, விகிதத்தையும் உள்ளபடி விட்டுவிடும். முதல் அரை மணி நேரம் திரை மஞ்சளாகவும் மங்கலாகவும் தோன்றும். கடைப் பளபளப்புக்குப் பழகிய கண் அப்படித்தான் சொல்லும், விளக்கை அணைத்துவிட்டால் தானே வழிக்கு வரும். ஒரு குறை உண்டு: ஓஎல்இடி திரையில் ஸ்மூத்திங்கை முற்றிலும் அணைத்தால், கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும்போது படம் தத்தித் தத்திப் போவது உறுத்தலாம். அப்போது 'டீ-ஜடர்' என்பதை மட்டும் ஒன்றிலோ இரண்டிலோ வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் சீரியல்தான்.

விம் வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' (2023) டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஹிராயாமாவின் நாள்கள். எழுவான், செடிக்குத் தண்ணீர் விடுவான், வேனில் கேசட் போடுவான், கழுவுவான், மரத்தைப் பார்ப்பான், தூங்குவான். மறுநாள் அதுவே. கோஜி யாகுஷோவுக்கு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது; அதிகாலை வெயில் முகத்தில் அடிக்க, சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வரும் கடைசி நீண்ட குளோசப்புக்கு மட்டுமே கொடுத்திருந்தாலும் தகும். ஒரு நெருடல்: பெயர்பெற்ற கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்த அந்தக் கழிப்பறைகள் நம்ப முடியாத சுத்தம். அழுக்கைக் காட்டாமல் துப்புரவு வேலையின் நிம்மதியை மட்டும் பாடுவது கொஞ்சம் சௌகரியமான கவிதை.

விகிதம் 1.33:1, அதாவது பழைய டிவிபோலச் சதுரத்தை ஒட்டிய வடிவம். திரையின் கால்வாசி கறுப்பாகத்தான் இருக்கும். வீட்டில் யாராவது 'படம் ஏன் சின்னதா இருக்கு' என்று கேட்டு ஜூம் பொத்தானை அமுக்கினால், அகலம் நிறையும், உயரத்தில் கால் பங்கு காலி. படம் முழுக்க நிமிர்ந்து மரத்தையும் வானத்தையும் பார்க்கும் ஒருவனின் கதையில் போவது சரியாக அந்த மரமும் வானமும்தான். இழுத்து விரிக்கும் மோட் அதைவிடக் கேவலம், யாகுஷோ குண்டாகிவிடுவார்.

லாட்வியாவிலிருந்து வந்த 'ஃப்ளோ' (2024) சின்னப் படம், 85 நிமிடம். வெள்ளத்தில் ஒரு பூனை, ஒரு படகு, வேறு சில விலங்குகள். ஒரு சொல் வசனம் கிடையாது. கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் குழு இதை 'பிளெண்டர்' என்ற இலவச மென்பொருளில் செய்து ஆஸ்கரும் வாங்கிவிட்டது. விலங்குகள் மனிதத்தனமாக முகம் கோணுவதில்லை என்பதே பெரிய ஆறுதல். சத்தங்கள் நிஜ விலங்குகளுடையவை. கேபிபாரா என்ற பெரிய கொறிவிலங்கின் இயல்பான குரல் கீச்சென்று இருந்ததால் அதற்கு ஒட்டகக் குட்டியின் குரல். விலங்குகளின் ரோமம் கொஞ்சம் பெயிண்ட் அடித்த மாதிரி தட்டையாக இருக்கும். அது படத்தின் பாணி, டிவியைச் சந்தேகிக்க வேண்டாம்.

சந்தேகிக்க வேண்டியது இணையத்தை. எங்கும் தண்ணீர், எங்கும் இலை, கேமராவும் வெட்டில்லாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஃபிரேமுக்கு ஃபிரேம் எல்லாப் புள்ளியும் மாறினால் வீடியோவைச் சுருக்கும் முறைக்கு மூச்சு முட்டும். 4கே ஸ்ட்ரீமிங் பொதுவாக விநாடிக்கு 15 முதல் 25 மெகாபிட். 4கே டிஸ்க்கோ 100ஐத் தாண்டவும் முடியும். பிரவுசரில் பார்த்தால் பல தளங்கள் தரத்தை இன்னும் இறக்கிவிடும். அலைகள் கட்டம் கட்டமாக உடைந்தால் டிவியிலேயே உள்ள ஆப்புக்கு மாறி, வைஃபைக்குப் பதில் கேபிளைச் செருகிப் பாருங்கள். படம் தொடங்கிய முதல் ஒரு நிமிடம் மங்கலாக இருந்து பிறகு தெளிந்தால் அது வேகம் பிடிக்கும் நேரம். தொடக்கத்துக்குத் திரும்பி மறுபடி ஓட விடலாம்.

இத்தனையும் மாற்றிவிட்டு உட்கார்ந்த பிறகும் அடுத்த படத்தில் அந்த வழவழப்பு திரும்பி வந்தால் ரிமோட்டைத் திட்ட வேண்டாம். பல டிவிகள் சாதாரணப் படத்துக்கு ஒன்று, வெளிச்ச வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் எச்டிஆருக்கு ஒன்று, அதிலேயே ஒரு வகையான டால்பி விஷனுக்கு ஒன்று என்று செட்டிங்கைத் தனித்தனியாக நினைவில் வைக்கின்றன, எச்டிஎம்ஐ துளைக்குத் துளையும் வேறு. ஒவ்வொரு வகையிலும் ஏதாவது ஒரு படத்தை ஓடவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவுக்குள் போய் மாற்றினால்தான் அந்த வகைக்கு அது பதியும்.