பெட்டாவோடு யாரை விடலாம்? சில வருட அனுபவம்

சண்டை மீனான பெட்டாவோடு வேறு மீன் விடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பயம்தான், கடித்துக் குதறிவிடுமோ என்று. பல மீன்கள் இருக்கும் தொட்டியில் சில வருடங்களாக பெட்டாவை வளர்க்கிறேன். சண்டை என்று வந்தால் அது முதல் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். மாதக்கணக்கில் அலைக்கழிப்பது சாப்பாட்டு விஷயம்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தொட்டி 80 லிட்டர், உயரத்தைவிட நீளம் அதிகம். ஹீட்டர் 26 டிகிரியில் இருக்கும். பெரிய வால் வைத்த பெட்டாவால் வேகமான நீரோட்டத்தில் நீந்த முடியாது என்பதால் ஸ்பாஞ்ச் பில்டர்தான். அடியில் மெல்லிய மணல், ஜாவா பெர்ன், அனுபியாஸ், மேலே கொஞ்சம் மிதக்கும் செடிகள். மூடி கட்டாயம் வேண்டும், பெட்டா துள்ளி வெளியே விழக்கூடியது. மீன் விடும் முன்பே தொட்டியைச் சுழற்சிக்கு விட்டு, அதாவது கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவை வளரவிட்டு, மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்தேன். இதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பெட்டாவைக் கடைசியாகத்தான் விட வேண்டும். முதலில் விட்டால் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று அது முடிவு கட்டிவிடும்.

துணை மீன் தேர்வில் நான் முதலில் பார்ப்பது வெப்பநிலையை. அழகைப் பார்த்து வாங்கினால் இங்கேதான் இடிக்கும். நியான் டெட்ராவுக்கும் பாண்டா கோரிடோரஸுக்கும் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர்தான் பிடிக்கும். தங்கமீனைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அது குளிர்நீர் மீன், கழிவும் அதிகம். அதனால் அடிப்பகுதிக்கு ஆறு ஸ்டெர்பாய் கோரிடோரஸ், நடுப்பகுதிக்கு எட்டு ஹார்லெக்வின் ரஸ்போரா என்று முடிவு செய்தேன்.

இரண்டில் கோரிக்குத்தான் (கோரிடோரஸைச் சுருக்கமாக அப்படித்தான் சொல்வோம்) என் ஓட்டு. அது பாட்டுக்கு மீசையால் மணலைக் கிளறிக்கொண்டு திரியும், பெட்டாவை ஏறெடுத்தும் பார்க்காது. கரடுமுரடான ஜல்லி போட்டால் அந்த மீசை தேய்ந்துவிடும் என்பதால்தான் மணல். ரஸ்போராவும் நல்ல மீன்தான், ஆனால் எண்ணிக்கையில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. இரண்டு மூன்று மட்டும் இருந்தால் பயந்து ஒளியும். கூட்டமாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடிக்கொள்ளும், பெட்டா இரண்டொரு முறை செவுளை விரித்து மிரட்டிப் பார்த்துவிட்டு அலுத்துப்போய்விடும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பெட்டா தன் பெல்லட்டை (சிறு உருண்டைத் தீனி) முடித்துவிட்டு ரஸ்போராவின் தூள் தீனியில் பங்கு கேட்கும், அப்புறம் கோரிக்குப் போட்ட மூழ்கும் வில்லையையும் கீழே இறங்கி வந்து கொத்தும். பந்தியில் மூன்று இலை போட்டு உட்காரும் ஆள் மாதிரி! சில வாரங்களில் வயிறு உப்பிவிடும், சாய்ந்து நீந்தத் தொடங்கும். கோரியோ மெலிந்துகொண்டே போகும். இப்போது ஒரு மூலையில் பெட்டாவுக்குப் பெல்லட்டை ஒவ்வொன்றாகப் போடுகிறேன், அதே நேரம் எதிர் மூலையில் ரஸ்போராவுக்குத் தூள். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோரிக்கு வில்லை. இருட்டில் பெட்டா தூங்கப் போய்விடும், கோரிக்கு மீசையே போதும். வாரத்தில் ஒரு நாள் யாருக்கும் தீனி கிடையாது.

நத்தையில் நெரைட் அருமை. பாசியைத் தின்னும், நன்னீரில் குஞ்சு பொரிக்காது என்பதால் பெருகிவிடாது. ஆனால் மரக்கட்டையிலும் கண்ணாடியிலும் வெள்ளை முட்டைகளை ஒட்டிவைக்கும், சுரண்டினாலும் லேசில் வராது. மிஸ்டரி நத்தை எனக்குச் சரிப்படவில்லை. அதன் நீண்ட உணர்கொம்புகளைப் புழு என்று நினைத்துப் பெட்டா கொத்திக்கொண்டே இருந்தது.

செர்ரி இறாலைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். என் முதல் பெட்டா சாது, பாசிக்கொத்துக்குள் இறால்கள் நிம்மதியாக இருந்தன. பெட்டாவின் ஆயுள் பொதுவாக இரண்டு முதல் நாலு வருடம்தான். கோரி அதைவிட அதிக காலம் வாழும். ஆக முதல் பெட்டா வயதாகிப் போனபோது மற்றவை எல்லாம் அப்படியே இருந்தன, புதியது அவற்றின் வீட்டுக்கு வந்த விருந்தாளி. அதே தொட்டி, அதே செடிகள். ஆனால் இவன் வேட்டைக்காரன். இறால் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை, பெரியவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கோரியையும் ரஸ்போராவையும் தொடவே இல்லை. ஆகவே ‘இறால் ஒத்துப்போகும்’ என்று யாராவது சொன்னால், எந்தப் பெட்டாவோடு என்று கேளுங்கள்.

கப்பி, கௌராமி, டைகர் பார்ப், பிளெக்கோ இவற்றை நான் முயலவே இல்லை. ஆண் கப்பியின் வண்ண வாலைப் பெட்டா போட்டியாளன் என்று எடுத்துக்கொள்ளும். கௌராமி அதன் உறவுக்காரன், அதே குணம். டைகர் பார்ப் பெட்டாவின் வாலையே கிழிக்கும். சாதாரண பிளெக்கோ ஓர் அடிக்கு மேல் வளரும். இன்னொரு பெட்டா கூடவே கூடாது, பெண் பெட்டாக்களைக் கூட்டமாக விடுவதும் ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கான வேலை இல்லை.

புதிதாக வாங்கும் எதையும் மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே சேர்க்கிறேன். பெட்டாவுக்கு மருந்து கொடுப்பதென்றாலும் அந்தத் தனித் தொட்டியில்தான். தாமிரம் கலந்த மருந்து நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். உங்களிடம் இருப்பது 20 லிட்டர் தொட்டி என்றால் மீன் எதுவும் சேர்க்காதீர்கள், ஒரு நெரைட் போதும்.