வயதான நாலு சிவப்பு வைன்கள்: தொந்தோனியா, முசார், சோசியாந்தோ, பார்பரெஸ்கோ

பத்து வருடத்துக்கு மேல் வயதான ஒரு சிவப்பு வைனை முதன்முதலாக வாங்கப்போகிறவர் என்னிடம் பெயர் கேட்டால் நான் பிரான்சின் பேர்போன வைன் பகுதியான போர்தோவைச் சொல்லமாட்டேன். ஸ்பெயினில் ரியோகா பகுதி, ஆரோ என்ற சிற்றூர், 1877 இலிருந்து இயங்கிவரும் லோபெஸ் தெ எரேதியா என்ற வைன் தயாரிப்பு வீடு. அவர்களுடைய வின்யா தொந்தோனியா ரிசர்வாவைத்தான் சொல்வேன். போன மாதம் நண்பர்களோடு நாலு போத்தல்களை அருகருகே வைத்துக் குடித்துப் பார்த்தோம். இந்த எண்ணம் அன்றைக்கு இன்னும் உறுதியாகிவிட்டது.

நான் பாரிஸில் ஒரு றெஸ்ரோறன்டில் வேலை செய்கிறேன். கோப்பை கழுவத் தொடங்கி, சலாட் பக்கம் நின்று, இப்போது மேசைகளுக்கு வைன் ஊற்றும் வேலை. இந்த நகரத்தின் சமையலறைகளில் எங்கட ஆட்கள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். போத்தல் திறக்கிற பக்கம் வந்தவர்கள் குறைவு. நல்ல வைனை மணந்து பார்க்கிற மூக்கும் நாக்கும் எங்களுக்கு இல்லாமலில்லை. ஒரு கறியில் வெந்தயம் ஒரு சொட்டுக் கூடினாலும் கண்டுபிடிக்கிறவர்கள் நாங்கள். அதனால்தான் ஐந்து பேராகக் காசு சேர்த்து இப்படி ஒன்று செய்தோம்: சமையற்காரர் இரண்டு பேர், மருத்துவமனையில் வேலை செய்யும் ஓர் அக்கா, பாரிஸ் புறநகர் லாக்கூர்னேவிலிருந்து வந்த அண்ணர் ஒருவர், நான்.

வாங்கியவை இவை. தொந்தோனியா ரிசர்வா 2010. லெபனானின் ஷாத்தோ முசார் 2006. போர்தோவில் ஓ-மெதோக் பகுதியின் ஷாத்தோ சோசியாந்தோ-மாலே 2005. இத்தாலியிலிருந்து ஒரு பரோலோ 2008. மாற்றாகக் கையில் இருக்கட்டும் என்று புரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோவின் பார்பரெஸ்கோ 2010. ஒன்றும் ஆயிரக்கணக்கில் போகிற சாமான் இல்லை. ஒவ்வொன்றும் நாற்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட யூரோ. இரண்டு போத்தல் இணைய ஏலத்தில் எடுத்தது, மற்றவை கடையில்.

போத்தல்களை முதல்நாளே நிமிர்த்தி வைத்துவிட்டேன். வயதான சிவப்பு வைனில் அடிமண்டி இருக்கும். நிறமும் கயர்ப்பும் தரும் பொருட்கள் வருடக்கணக்காக ஒன்றோடொன்று சேர்ந்து, பாரமாகி, அடியில் படியும். அதனால்தான் வயதாக ஆக வைனின் நிறம் வெளிறுகிறது, கயர்ப்பும் தணிகிறது. படுக்க வைத்திருந்த போத்தலை அப்படியே தூக்கி ஊற்றினால் அந்த மண்டி முழுவதும் கிளாசுக்குள் வந்து வாயில் நறநறக்கும். தக்கையைத் திறக்கத் திருகாணி பாவிக்கவில்லை. இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையில் இறக்கித் திருப்பி இழுக்கிற திறப்பான் ஒன்று உண்டு. பழைய தக்கை பொடிந்து உள்ளே விழாமல் இருக்க அதுதான் நல்லது. வைனை 16, 17 பாகைச் சூட்டில் வைத்திருந்தேன். போத்தல்களுக்கு அலுமினியத் தாள் சுற்றி இலக்கம் போட்டது அக்கா. எந்த இலக்கம் எந்த வைன் என்று அவவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

முதலில் பரோலோ. ஊற்றி மணந்த உடனேயே மூத்த சமையற்காரர் முகத்தைச் சுளித்தார். "ஈரச் சாக்கு மணக்குது." ஈரமான கடதாசிப் பெட்டி, பூட்டிக் கிடந்த நிலவறை, அந்த மணம்தான். தக்கையில் உண்டாகும் டிசிஏ என்ற சேர்மம் வைனுக்குள் இறங்கியிருக்கிறது. ஒரு லீற்றரில் சில நனோகிராம் இருந்தாலே மனித மூக்குக்குப் பிடிபட்டுவிடும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பழத்தின் மணத்தை அப்படியே அமுக்கிவிடும். இது யாருக்கும் நடக்கக்கூடியது என்பதால் தயாரிப்பாளரின் பெயரை எழுதவில்லை. கடைக்காரரிடம் மீதி வைனோடு கொண்டுபோனேன், மறுபேச்சில்லாமல் வேறு போத்தல் தந்தார். நீங்களும் இப்படிப்பட்ட போத்தலை ஊற்றிக் கொட்டிவிடாதீர்கள். தக்கையோடும் பில்லோடும் திருப்பிக் கொண்டுபோங்கள்.

அதன் இடத்துக்குப் பார்பரெஸ்கோ வந்தது. புரொதுத்தோரி என்பது கூட்டுறவுச் சங்கம். 1958 இல் அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவர் 19 சிறு விவசாயிகளைச் சேர்த்துத் தொடங்கியது. நல்ல வருடங்களில் ஒன்பது தோட்டங்களின் வைனைத் தனித்தனியாக அடைப்பார்கள். நாங்கள் குடித்தது எல்லாத் தோட்டமும் கலந்த சாதாரணப் போத்தல். பார்பரெஸ்கோ செய்யும் நெபியோலோ என்ற திராட்சையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பார்வைக்கு மெலிவு, வாய்க்குள் போனால் முரடு. கிளாசைச் சரித்து வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்தால் நடுவில் மாதுளை நிறம், விளிம்பில் செங்கல் நிறம். "இதுதான் எல்லாத்திலும் கிழட்டு வைன்" என்று இளைய சமையற்காரர் அடித்துச் சொன்னார். உண்மையில் தொந்தோனியாவோடு சேர்த்து இதுதான் வயதில் இளையது. நெபியோலோவின் நிறம் சீக்கிரமே கழன்றுவிடும், நிறத்தை வைத்து வயது கணக்கிட முடியாது. மணம் காய்ந்த ரோசா, கொஞ்சம் தார், பின்னால் புளிப்புச் செர்ரி. நாக்கின் இரண்டு பக்கமும் காயாத நாவற்பழத்தைக் கடித்ததுபோல ஒரு கயர்ப்பு நின்றது. அது குறை இல்லை, நெபியோலோவின் குணமே அதுதான். எனக்கு மிகவும் பிடித்த மணம் அன்றைக்கு இதில்தான் இருந்தது. ஆனால் வைன் பழக்கமில்லாத அண்ணருக்கு இரண்டாவது மிடறு இறங்கவில்லை.

அடுத்த இலக்கத்தை மணந்ததும் மூத்தவர், "குடைமிளகாய் வெட்டின பலகை" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் போர்தோ என்று தெரிந்துவிட்டது. போர்தோவில் பாவிக்கும் கபெர்னே குடும்பத்துத் திராட்சைகளில் பிரசின் என்ற சேர்மம் உண்டு. குடைமிளகாயின் மணத்துக்குக் காரணமும் அதே வகைச் சேர்மம்தான். சோசியாந்தோ-மாலே, சான்-எஸ்தெஃபுக்குச் சற்று வடக்கே ஜிரோந்து ஆற்றின் கழிமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் தோட்டம். 1969 இல் ழான் கோத்ரோ என்ற வைன் வணிகர் அதை வாங்கினபோது கொஞ்சம் நிலம்தான் மிஞ்சியிருந்தது. போர்தோ வைன் வீடுகளை வரிசைப்படுத்திய 1855 ஆம் ஆண்டின் புகழ்பெற்ற தரவரிசையில் இதற்கு இடமில்லை. அந்தப் பட்டியலில் இருக்கும் பல வீடுகளுக்கு இது சளைத்ததில்லை என்று நான் வேலைசெய்யும் இடத்தில் ஊற்றி ஊற்றிப் பார்த்துச் சொல்கிறேன். 2005 போர்தோவுக்கு அருமையான வருடம். மழை குறைந்து, பழம் திடமாக விளைந்த வருடம். இருபது வயதிலும் நிறம் கறுப்புச் சிவப்புத்தான். கருந்திராட்சை, பென்சில் சீவல், சுருட்டுப் பெட்டி. வாயில் இன்னும் இறுக்கம். திறந்து இரண்டு மணி நேரம் கழிந்தும் அது முழுதாக இளகவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். போர்தோவின் பெரிய வீடுகள் தங்கள் வைனைப் பீப்பாயில் இருக்கும்போதே விற்கத் தொடங்கிவிடுகின்றன. வயதாக வைப்பது வாங்குகிறவரின் வேலை. அதற்கு 12, 13 பாகையில் மாறாத குளிரும், இருட்டும், ஈரப்பதமும் உள்ள நிலவறை வேண்டும். பாரிஸ் புறநகர் அடுக்குமாடிகளில் எங்களுக்குக் கிடைக்கும் கீழ்த்தள அறையில் சுடுநீர்க் குழாய் போகிறது. அங்கே பதினைந்து வருடம் வைத்த வைன் வைனாக இருக்காது. ஏலத்தில் எடுக்கும் போத்தல் யாருடைய அறையில் எப்படிக் கிடந்தது என்பதும் நம்பிக்கைதான். சோசியாந்தோ எங்களுக்கு நல்லதாக வாய்த்தது. வாங்கும்போது போத்தலின் கழுத்தில் வைன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று படத்தில் பார்த்துத்தான் எடுத்தேன். தோள்பட்டை வரை இறங்கியிருந்தால் தொட்டிருக்கமாட்டேன்.

தொந்தோனியா முன்னுக்கு வருவது இந்த இடத்தில்தான். ரியோகாவில் ரிசர்வா என்று போட வேண்டுமென்றால் மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், அதில் ஒரு வருடமாவது பீப்பாயில். இவர்கள் பீப்பாயில் மட்டும் ஆறு வருடம் வைக்கிறார்கள். பிறகு தங்கள் நிலவறையிலேயே போத்தலில் இன்னும் சில வருடம். பீப்பாய்களையும் வெளியே வாங்குவதில்லை, அமெரிக்க ஓக் மரத்தைக் கொண்டுவந்து சொந்தப் பட்டறையில் செய்கிறார்கள். முக்கால்வாசி தெம்பிரானியோ என்ற திராட்சை, மீதியில் கர்னாச்சாவும் கொஞ்சம் கிராசியானோவும் மசுவெலோவும். வைன் முதிர்ந்து குடிக்கிற பக்குவத்துக்கு வந்த பிறகுதான் கடைக்கு வருகிறது. காத்திருக்கிற வேலையை எங்களுக்காக அவர்கள் செய்து முடித்துவிடுகிறார்கள்.

அண்ணர் கிளாசுக்குள் மூக்கை விட்டு நெடுநேரம் வைத்திருந்தார். "தம்பி, இதென்ன, தேங்காய்ப்பூ மணம் வருது?"

"ஓம் அண்ணை, அது பீப்பாய் மரத்தின்ர மணம்" என்றேன். அமெரிக்க ஓக்கில் லாக்டோன் என்ற பொருள் கூடுதலாக உண்டு, தேங்காயில் நாங்கள் மணக்கிறதும் அதன் உறவுதான். பழைய பீப்பாய்கள் என்பதால் தொந்தோனியாவில் அது உரத்துக் கத்துவதில்லை. காய்ந்த செர்ரி, தோடம்பழத் தோல், புகையிலை, இவற்றுக்குப் பின்னால்தான் வந்தது. வைன் பழக்கமில்லாதவர் அதைத் தனியே பிரித்தெடுத்துச் சொன்னார் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. வாயில் மெலிவு, புளிப்பு உயிரோடு, கயர்ப்பு பட்டும் படாமலும். விழுங்கிய பிறகு நீண்ட நேரம் நின்றது. ஐந்து பேரில் நாலு பேர் அன்றைக்கு முதலிடம் கொடுத்தது இதற்குத்தான்.

அக்கா மட்டும் முசாருக்குக் கொடுத்தா. அதை மணந்ததும் மற்றவர்களுக்குத் தயக்கம். முதல் மூச்சில் நகப்பூச்சு மாதிரி ஒரு குத்தல். ஆவியாகும் புளிப்பு இதில் எப்போதும் சற்றுக் கூட. கொஞ்சம் பொறுத்தால் அது பின்வாங்கி, அத்திப்பழம், கறுவா, பழைய தோல்சாமான் என்று வரிசையாக வரும். கபெர்னே சோவிஞோன், சன்சோ, கரிஞான் என்ற மூன்று திராட்சையும் கலந்தது. பெக்கா பள்ளத்தாக்கில் விளையும் பழத்தை லொறியில் மலை தாண்டிக் கொண்டுவந்து, பெய்ரூத்துக்கு வடக்கே கசீரில் வைன் செய்கிறார்கள். 1930 இல் காஸ்தோன் ஓஷார் தொடங்கியது. அவருடைய மகன் செர்ஜ் ஓஷார் 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்திலும் வைன் செய்துகொண்டே இருந்தார். 1976 இல் மட்டும் ஒன்றுமே செய்ய முடியவில்லை.

தாளைப் பிரித்து 2006 என்று வாசித்ததும் அண்ணர் கணக்குப் போட்டார். அந்த யூலை 12 இல் தொடங்கிய சண்டை ஆகஸ்ட் 14 வரை லெபனானை அடித்தது. அதே ஆகஸ்டில்தான் இலங்கையில் முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 பாதை பூட்டப்பட்டது. அவர் அப்போது கிளிநொச்சியில்.

"அந்த வருசமும் பழம் பறிச்சிருக்கிறாங்கள், என்ன?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. சண்டை நின்ற பிறகு பறிச்சது."

தன் கிளாசை நீட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அவருடைய முதலிடம் மாறவில்லை, தொந்தோனியாதான். ஆனால் முசாரின் விலையையும் எங்கே கிடைக்கும் என்பதையும் கைபேசியில் குறித்துக்கொண்டார். என் கருத்து: முசார் எல்லோருக்குமான வைன் இல்லை, ஒரே வருடத்து இரண்டு போத்தல்கூட ஒரேமாதிரி இருக்காது. பிடித்துப்போனால் விடமாட்டீர்கள். மண்டி அதிகம் என்பதால் ஊற்று சாடிக்கு மாற்றி இரண்டு மணி நேரம் வையுங்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கட வீடுகளில் அதுதான் பெரிய கேள்வி. மிளகாய்த்தூள் போட்ட ஆட்டிறைச்சிக் கறியோடு வயதான வைனைக் கொடுக்காதீர்கள். உறைப்பு ஏறிய வாயில் அல்ககோல் எரியும், கயர்ப்பு இரட்டிப்பாகும், பதினைந்து வருடம் சேர்த்த மணம் ஒன்றும் எட்டாது. சமையற்காரர்கள் ஆட்டுத் தொடையை மிளகும் சீரகமும் உள்ளியும் மட்டும் பூசி, குறைந்த சூட்டில் நாலு மணி நேரம் அவணில் வைத்தார்கள். தொந்தோனியாவோடும் முசாரோடும் அது அமிர்தம். சீரகமும் முசாரும் ஒன்றையொன்று தேடிப் பிடித்த மாதிரி இருந்தது. பார்பரெஸ்கோவுக்கு இறைச்சியின் கொழுப்புத்தான் மருந்து: ஒரு துண்டு வாயிலிட்டுப் பிறகு குடித்த அண்ணர், கயர்ப்புக் குறைந்துவிட்டதென்று ஒத்துக்கொண்டார். பதினெட்டு மாதக் கொந்தே பாற்கட்டி எல்லாவற்றோடும் போனது.

ஒவ்வொருவருக்கும் சின்னச் சின்னதாகத்தான் ஊற்றினேன். அதனால் எல்லாப் போத்தலிலும் மூன்றில் ஒரு பங்காவது மிஞ்சியது. தக்கையை அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அடுத்தநாள் வேலை முடிந்து வந்து மறுபடி பார்த்தேன். தொந்தோனியா அசையவில்லை, பீப்பாயில் ஆறு வருடம் காற்றோடு பழகிய வைன். பார்பரெஸ்கோவின் ரோசா மணம் பாதி போய்விட்டது. முசாரின் குத்தல் அடங்கி இன்னும் இனிமையாகியிருந்தது. சோசியாந்தோ முதல்நாளைவிட எவ்வளவோ மேல்: குடைமிளகாய் ஒதுங்கி, பழம் முன்னுக்கு வந்து, இறுக்கம் தளர்ந்திருந்தது. 2005 ஐ வைத்திருப்பவர்கள் இன்னும் ஐந்தாறு வருடம் திறக்காமல் இருக்கலாம். இப்போதே திறக்க வேண்டுமென்றால் காலையிலேயே சாடிக்கு மாற்றி, இரவுச் சாப்பாட்டுக்குக் குடியுங்கள்.

செப்டெம்பரில் சுப்பர் மார்க்கெட்டுகளின் வைன் விழா வரும்போது போர்தோ அடுக்கைப் பார்த்து மலைத்து நிற்காமல் ஸ்பெயின் தட்டுக்கும் போங்கள். தொந்தோனியா அங்கே கிடைப்பது அரிது, அதற்குத் தனி வைன் கடைதான். அதே ஆரோவில் லா ரியோகா அல்தா என்ற வீடும் இதே வழியில் தானே வயதாக்கித்தான் விற்கிறது. அவர்களுடைய வின்யா அர்தான்சா தொந்தோனியாவைவிட மலிவு. அடுத்த தடவைக்கு அதில் இரண்டு போத்தலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், அண்ணர் தன் பங்குக் காசையும் தந்துவிட்டார்.