யோகாவா, நடையா, கீகலா: பிரசவத்துக்கு எது கைகொடுக்கும்?

"யோகா செய்தால் சுகப்பிரசவம்தான்" என்ற பேச்சில் பாதிதான் உண்மை. கர்ப்பகால யோகா, நடைப்பயிற்சி, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கான கீகல் பயிற்சி என்று மூன்றையும் ஒன்றுக்கொன்று போட்டியாகப் பேசுகிறார்கள். உண்மையில் மூன்றும் செய்யும் வேலை வேறு வேறு.

நடையில் குழப்பமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைத்தது வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள் நடந்தால் போதும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். மணிக்கணக்கில் நீளும் பிரசவத்துக்குத் தேவையான தெம்பு நடையில் கிடைக்கும். வலி வரும்போது உடலை எப்படித் தளர்த்துவது என்பதை மட்டும் நடை சொல்லித்தராது.

யோகா முந்துவது அந்த இடத்தில்தான். முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 74 பெண்களை வைத்துத் தாய்லாந்தில் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. யோகா செய்தவர்களுக்கு வலி குறைவாகத் தெரிந்தது, கருப்பை வாய் திறக்கும் முதல் கட்டமும் சுருங்கியது. பின்னர் வந்த பல ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொன்னாலும் பெரும்பாலானவை சிறியவை. தான் யோகா செய்கிறோம் என்பது செய்பவருக்குத் தெரிந்தே இருப்பதால் எதிர்பார்ப்பின் பங்கையும் பிரிக்க முடியாது. வலியும் பதற்றமும் குறையலாம் என்று சொல்லலாம். சிசேரியனே வராது என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

எங்கள் கணிப்பில் யோகாவின் பெரிய பலன் ஆசனத்தைவிட மூச்சில்தான் இருக்கிறது. நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை வாயால் மெல்ல விடுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து நொடி. வலி உச்சத்தில் இருக்கும்போது கருப்பையின் ஒரு சுருக்கம் சுமார் 60 நொடி நீடிக்கும், அதாவது ஆறு மூச்சு. ஒவ்வொரு முறை விடும்போதும் தாடையும் தோளும் தளர வேண்டும். கடைசி வாரத்தில் கற்றுக்கொண்டது வலியில் மறந்துபோகும், அதனால் தினமும் பத்து நிமிடம் என்று பல வாரங்கள் பழக வேண்டும். மூச்சை அடக்கும் கும்பகமும், மூச்சை வேகவேகமாக விடும் கபாலபாதி, பஸ்திரிகாவும் இந்தச் சமயத்தில் வேண்டவே வேண்டாம்.

யோகாவில் தவறு நடப்பது பெரும்பாலும் உடலை அளவுக்கு மீறி இழுத்து வளைப்பதில். கர்ப்ப ஹார்மோன்களால் மூட்டுத் தசைநார்கள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். உட்கார்ந்து பாதங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் பத்தகோணாசனத்தில் முழங்காலைத் தரையோடு அழுத்தினால் முன் இடுப்பெலும்பு இணைப்பில் வலி பிடிக்கலாம். தொடைக்கு அடியில் தலையணை வையுங்கள். குத்துக்காலிட்டு உட்காரும் மாலாசனத்தில் குதிகால் தூக்கினால் மடித்த துண்டை அடியில் கொடுத்து, அசையாத நாற்காலியைப் பிடித்துக்கொண்டு 30 நொடி போதும். பாதி கர்ப்பம் கடந்த பிறகு மல்லாந்து நெடுநேரம் சவாசனம் செய்தால் கருப்பை பெருஞ்சிரையை அழுத்தித் தலைசுற்றும். அப்போது இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள்.

கீகல் முக்கியமாக உதவுவது சிறுநீர்க் கசிவுக்கு. கசிவு இல்லாத பெண்கள் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஆரம்பித்தால் கடைசி மாதங்களில் கசிவு வரும் வாய்ப்பு சுமார் 62 சதவீதம் குறைவதாக பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. சிறுநீரை அடக்குவதுபோல 6 முதல் 8 நொடி இறுக்கி, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். 8 முதல் 12 முறை, மூன்று வேளை. பிட்டத்தையும் வயிற்றையும் சேர்த்து இறுக்குவது ஒரு பிழை. தளர்த்தும் பாதியைத் தாவிவிடுவது அதைவிடப் பெரிய பிழை, ஏனென்றால் குழந்தை வெளிவரும்போது தேவைப்படுவது அந்தத் தளர்ச்சிதான்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நடையைத் தேர்ந்தெடுத்து, முடிவில் அந்த மூச்சைப் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். கீகலுக்குத் தனி நேரம் வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம்.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருப்பவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டவர்கள், கர்ப்பகால ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். ரத்தக்கசிவு, பனிக்குட நீர் வடிதல், விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், நெஞ்சுவலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம் என எது தெரிந்தாலும் அப்படியே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.