இத்தாக்காவின் இலையுதிர்காலம்: எந்த அருவிக்குப் போகலாம்?

அக்டோபர் நடுவில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள இத்தாக்கா ஊருக்கு வருகிறீர்கள், கையில் ஒரு காலைப்பொழுதுதான் இருக்கிறது. டகானக் அருவியா, கேஸ்கடில்லா பள்ளத்தாக்கா?

டகானக் 215 அடி உயரம், நயாகராவையே மிஞ்சும். ஊரிலிருந்து காரில் போகவேண்டும். பிறகு ஓடையோரம் முக்கால் மைல் சமதரை நடை, வயதானவர்களுக்கும் சிரமமில்லை. மழை குறைந்த ஆண்டில் நீர் நூலாக இளைத்துவிடும்.

என் மனம் கேஸ்கடில்லாவிடம்தான். கடைத்தெருவருகே தொடங்கி, கார்னெல் பல்கலைக்கழகம் வரை கற்படிகளில் ஏறும் வழி அது. நெடுகச் சின்னச் சின்ன அருவிகள். ஈரப்பாறையில் மேப்பிள் இலையொன்று செக்கச்செவேலென்று ஒட்டிக்கிடக்கும். மெல்ல உரித்தெடுத்தால் கல்லில் அதே வடிவில் பழுப்புக் கறை. மூச்சு வாங்கும், கால் வழுக்கும். பிடிமானமுள்ள காலணி அவசியம். பனிக்காலத்தில் வழியை அடைத்துவிடுவார்கள், தள்ளிப்போடாதீர்கள். சனிக்கிழமையானால், இறங்கியதும் கயூகா ஏரிக்கரைச் சந்தைக்கும் போய்வரலாம்.