சிமெண்ட் தரைமேல் புல்தரை: ஓராண்டு கழித்து

தாம்பரத்தை அடுத்த எங்கள் வீட்டின் பின்புறத்தில், முந்தைய உரிமையாளர் போட்டுவிட்டுப் போன நான்கு அங்குல கான்கிரீட் தரை 200 சதுர அடிக்கு விரிந்து கிடந்தது. அதைப் பெயர்த்து இடிபாட்டை அப்புறப்படுத்தும் கூலியைக் கேட்டு மலைத்துப்போன நாங்கள், பெயர்க்காமலேயே மேலே புல் வளர்த்துத் தருவதாகச் சொன்ன ஒரு தோட்ட அமைப்பாளரிடம் சென்ற ஆகஸ்டில் வேலையை ஒப்படைத்தோம்.

அடுக்குகளை அமைத்த விதத்தில் குறை சொல்ல இடமில்லை. தரையின் மேல் தண்ணீர் அடியில் வடிந்தோட இடம்விடும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டுகள் (டிரெயின் செல்), அதன்மேல் மண் கீழே இறங்கி அடைத்துக்கொள்ளாதபடி ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதற்கும் மேலே செம்மண்ணும் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து ஆறு அங்குலம் நிரப்பினார்கள். வெறும் செம்மண்ணே போதும், செலவு குறையும் என்று நான் சொன்னபோது, கோடையில் அது ஓடாக இறுகிவிடும் என்று மறுத்தது சரியே.

தவறு நீர்வாட்டத்தில் நேர்ந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்திருந்தாலே, வடக்கு மூலை பள்ளம் என்பது தெரிந்திருக்கும். அதை யாரும் செய்யவில்லை. ஐப்பசி மழையில் அந்த மூலை மஞ்சளித்தது. ஒரு புல் பத்தையைத் தூக்கிப் பார்த்தேன்: அடிமண் கறுத்துச் சாக்கடை நாற்றம் அடித்தது, வேர்கள் கையோடு பிய்ந்து வந்தன. மூன்றாவது முறை தொலைபேசியில் அழைத்த பிறகே வந்தார்கள். கான்கிரீட்டில் ஐந்து துளைகள் இட்டு ஜல்லி நிரப்பியதும் தண்ணீர் வடிந்தது. ஆனால் தாங்கள் செய்யத் தவறிய வேலைக்குத் தனிக்கூலி வாங்கியதை நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

மொட்டை மாடியிலும் இதே ஆழத்தில் போட்டுத் தருவதாக அவர்கள் கூசாமல் சொன்னது அதைவிடக் கவலை தந்தது. ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர விதிகள் கொள்ளும் மேற்சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். ஆறு அங்குல மண் நனைந்தால் 200 கிலோவைத் தாண்டிவிடும். கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் யாரும் அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

வெயில் காலத்தில் கான்கிரீட் சுட்டு, மெல்லிய மண் விரைவில் காய்வதால், காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டியிருந்தது. அப்படியும் சுவரோரமாக ஒரு சாண் அகலத்துக்குப் புல் கருகியது. அவர்கள் பதித்த கொரியன் புல் மெதுவாக வளர்வதால் அடிக்கடி வெட்டும் தொல்லை இல்லை. எனினும் அதற்கு நல்ல வெயில் வேண்டும். வேப்பமரத்து நிழலில் அது நைந்து மண் தெரிந்தபோது, அந்தப் பகுதியை மட்டும் அகற்றிவிட்டு, நிழல் தாங்கும் பஃபலோ புல்லை நானே வாங்கி நட்டேன். ஆடி மாதத்துக்குள் அது மூடிக்கொண்டது.